கொத்மலைக் கோழிக்கூடும் மூலிகையின் எல்லையும்

தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால் இலங்கை மலையகத்தின் கொத்மலையில் எதுவும் லேசில் காயாது. தவலந்தென்னையிலிருந்து பூண்டுலோயா வரை மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக நிற்கும் தோட்டத் தொழிலாளர் லயங்களின் கோடியில், பழைய தகரத்தையும் பலகைத் துண்டுகளையும் வைத்து அடித்த கோழிக்கூடுகளைக் காணலாம். வைகாசிக் கடைசியில் நனைந்த அவற்றின் தரை ஆவணி வரை ஈரமாகவே கிடக்கும். அந்த ஈரத்தில்தான் மூன்று, நான்கு வாரக் குஞ்சுகள் சிறகைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடி, மூலையில் ஒடுங்கத் தொடங்குகின்றன. அடுத்த நாள் எச்சத்தில் இரத்தம் தெரியும். அதற்கடுத்த நாள் கூட்டைத் திறக்கும்போது சில குஞ்சுகள் எழுந்திருப்பதில்லை. இரத்தக் கழிச்சல் என்று தோட்டத்தில் சொல்லும் இந்த நோயை மிருக வைத்தியர் கொக்சிடியோசிஸ் என்பார்.

பெரிய பண்ணைக்காரருக்கு இது பேரேட்டில் எழுதிக்கொள்ளும் நட்டம். கொழுந்து பறித்துவிட்டுப் பின்னேரம் வந்து கூட்டைப் பார்க்கும் பெண்ணுக்கு அப்படியில்லை. பிள்ளைக்கு ஒரு முட்டை, தீபாவளிக்கு ஒரு கோழி, அவசரத்துக்கு விற்றுக் காசாக்க ஒரு சேவல் என்று வீட்டின் சிறு சேமிப்பு முழுவதும் அந்தக் கூட்டுக்குள்தான் இருக்கிறது. மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போய்வர ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட வேண்டும். ஆகவே கைக்கு எட்டுவது அரைத்த மஞ்சளும் நசுக்கிய பூண்டும் கடையில் வாங்கிய வேப்பிலைத் தூளும்தான். இவை உண்மையிலேயே குஞ்சைக் காப்பாற்றுமா? கோழிகளின் ஒட்டுண்ணி நோய்க்கு எதிராகத் தாவரச் சாறுகளைச் சோதித்த ஆய்வுகள் கடந்த முப்பது ஆண்டுகளில் மலைபோல் குவிந்துவிட்டன. அவற்றைத் தோட்டத்துக் கூட்டின் வாசலில் நின்று வாசிப்பதே இங்கு என் நோக்கம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒட்டுண்ணியை ஒழிப்பதில் எந்த வீட்டு மூலிகையும் மருந்துக்கு ஈடாகவில்லை. ஆனால் குஞ்சு தன் சொந்த எதிர்ப்பாற்றலை அடையும் வரைக்குமான இரண்டு, மூன்று வார அவகாசத்தைச் சில தாவரங்கள் அதற்குப் பெற்றுத் தரக்கூடும். தரை காயாத கூட்டில் அந்த அவகாசமும் வீணாகிவிடும்.

முதலில் நோயைப் பார்ப்போம். ஐமேரியா என்ற ஒற்றைக்கல ஒட்டுண்ணிதான் காரணம். கோழியைப் பிடிக்கும் ஏழு இனங்கள் நெடுங்காலமாகத் தெரிந்தவை. 2021இல் மேலும் மூன்றுக்குப் பெயரிட்டார்கள். ஒவ்வோர் இனமும் குடலில் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அசெர்வுலினா முன்குடலில், மாக்சிமா நடுக்குடலில், இரத்தக் கழிச்சலுக்குப் பெயர்போன டெனெல்லா கடைசியில் இருக்கும் குருட்டுக்குடல்களில். எச்சத்தோடு வெளியே வரும் ஊசிஸ்ட் என்ற கடினத் தோல் கொண்ட வித்து உடனே நோயைத் தருவதில்லை. ஈரம், காற்று, மிதமான வெப்பம் மூன்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்கிறது. அப்போது அதனுள் எட்டு இளம் ஒட்டுண்ணிகள் தயாராகிவிடும். குஞ்சு கொத்தி விழுங்கிய ஒரு வித்து, ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் பல்லாயிரம் வித்துகளாக எச்சத்தில் திரும்புகிறது.

டெனெல்லாவின் விஷயத்தில் ஒரு நாட்கணக்கு முக்கியம். வித்தை விழுங்கி ஐந்தாம் நாள் வாக்கில், குடற்சுவருக்குள் பெருகிய இரண்டாம் தலைமுறை வெடித்துக்கொண்டு வெளியேறும்போதுதான் இரத்தம் கொட்டுகிறது. எச்சத்தில் இரத்தத்தைக் காணும் நேரத்தில் குடலில் சேதம் நடந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கொடுக்கும் மஞ்சள் உருண்டை அந்தக் குஞ்சுக்கு எதையும் மீட்டுத் தருவதில்லை. மூலிகையை வாழ்த்தும் பேச்சுகளில் இந்த ஐந்து நாள் கணக்கு அநேகமாக வருவதேயில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

இந்த நோய்க்கு மருந்து புதிதல்ல. சல்பா மருந்துகள் 1939 முதல் சோதிக்கப்பட்டன. 1940களின் பிற்பகுதியில் தீனியில் கலக்கத் தொடங்கினார்கள். 1960 வாக்கில் அம்ப்ரோலியமும் 1971இல் மொனென்சினும் வந்தன. உலகின் புரொய்லர் தொழில் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததில் இந்த மருந்துத் தீனிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு மருந்துக்கும் பழகிய ஐமேரியா சில ஆண்டுகளில் தலைகாட்டியது. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீனியில் கலக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தடை செய்தது. மருந்தில்லாக் கோழியைக் கேட்டு வாங்குவோரும் பெருகினார்கள். 2020இல் வெளியான ஒரு கணக்கீடு இந்த நோயால் உலகுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,000 கோடி பவுண் இழப்பு என்று சொன்னது. தாவரச் சாறு ஆய்வுகளுக்குப் பணம் வந்த வழி இதுதான். அதைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்த ஆய்வுகள் பல்லாயிரம் புரொய்லர் கோழிகள் அடைந்த கொட்டகைக்காக நடந்தவை. பத்துக் குஞ்சு வளர்க்கும் லயத்து வீட்டை மனதில் வைத்து யாரும் அவற்றைத் திட்டமிடவில்லை.

தாவரம் மருந்தாக முழு வெற்றி பெற்ற ஓர் உதாரணம் உண்டு. நம்மவர்கள் அதை அதிகம் பேசுவதில்லை. சீன மருத்துவத்தில் சாங்ஷான் என்ற செடி முறைக்காய்ச்சலுக்குப் பன்னெடுங்காலமாகப் பயன்பட்டது. 1940களில் அதிலிருந்து ஃபெப்ரிஃபுகின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதைச் சற்று மாற்றிச் செய்த ஹாலோஃபுஜினோன், கோழித்தீனியில் சேர்க்கும் கொக்சிடியா மருந்தாக இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஒரு தொன் தீனிக்கு வெறும் 3 கிராம் போதும். அதை இரட்டித்தால் கோழியின் வளர்ச்சியே குன்றும். தோல் வலுவிழந்து கிழியும். நீர்ப்பறவைகளுக்கும் மீனுக்கும் அது நஞ்சு. நுவரெலியா வீட்டு வாசல்களில் நீலமும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் குலுங்கும் ஹைட்ரேஞ்சியா, சாங்ஷானின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதற்காக அதன் இலையைப் பறித்துக் கோழிக்குப் போடக் கூடாது. வலுவான மூலிகை என்றால் அதன் அளவும் கண்டிப்பானது. எவ்வளவு கொடுத்தாலும் தீங்கில்லாத ஒன்று, எவ்வளவு கொடுத்தாலும் பெரிதாக ஒன்றும் செய்யாததாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது பெரிய பெயர் ஆர்ட்டெமிசியா அனுவா. மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் கிடைத்த செடி. அதற்காக டூ யூயூ 2015இல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார். மலேரியாக் கிருமியும் ஐமேரியாவும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை என்பதால் இந்த மூலிகை கோழிக்கும் உதவலாம் என்ற எண்ணம் இயல்பாக எழுந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பட்ரீசியா அலனும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் காய்ந்த இலையைத் தீனியில் 5 சதவீதம் கலந்து, பொரித்த நாளிலிருந்து மூன்று வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். டெனெல்லாவின் குடற்புண் குறைந்தது. மற்ற இரண்டு இனங்களிடம் அந்த இலை எடுபடவில்லை. ஊசிஸ்ட்டின் தோல் சரியாக உருவாகாமல் ஆர்ட்டெமிசினின் தடுக்கிறது என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. குஞ்சுக்குள் இருக்கும் நோயை முழுதாக அடக்காவிட்டாலும், அது வெளியே கொட்டும் வித்தின் வீரியம் குறையும் என்பது இதன் பொருள்.

தேயிலை மலைகளில் இதன் சகோதர இனமான ஆர்ட்டெமிசியா வல்காரிஸ் களையாகவே முளைக்கிறது. சிங்கள அயலவர் வல்கொளொந்து என்பார்கள், நம்மூர்ப் பெரியவர்கள் மாசிபத்திரி வகை என்பார்கள். அதன் இலைச்சாறு எலிகளின் மலேரியாவை அடக்குவதாகக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் எழுதினார்கள். ஆனால் அனுவாவில் இருக்கும் அளவுக்கு ஆர்ட்டெமிசினின் இதில் இல்லை. சீனச் செடிக்குக் கிடைத்த முடிவை மலையில் களைபிடுங்கும்போது கைக்கு வரும் செடிக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது. பெயர் ஒத்த இரண்டு செடிகளுக்கு இடையே இப்படிப் பலனை மாற்றி எழுதுவது மூலிகைக் கையேடுகளில் ஓயாமல் நடக்கிறது.

மஞ்சளுக்கு வருவோம், அதிகம் நம்பப்படுவது அதுதான். அதே பெல்ட்ஸ்வில் குழு 1998இல் தீனியில் 1 சதவீதம் மஞ்சள் அல்லது அதன் சத்தான குர்க்குமின் கலந்து கொடுத்தது. மாக்சிமாவால் வரும் புண்ணும் எடைக்குறைவும் தணிந்தன. டெனெல்லாவில் பலன் இல்லை. லைப்சிக் ஆய்வாளர்கள் 2011இல் கண்ணாடித் தட்டில் வளர்த்த கலங்களில் குர்க்குமினைச் சேர்த்தபோது டெனெல்லாவும் கட்டுப்பட்டது. தட்டில் வேலை செய்வது கோழிக்குள் ஏன் தவறுகிறது? குர்க்குமின் இரத்தத்தில் அதிகம் ஏறாது. மனிதருக்கான மருந்து என்ற வகையில் அது குறை. குடல் நோய்க்கு அதே குணம் ஒருவகையில் நல்லதுதான், குடலிலேயே தங்கி வேலை செய்யலாமே. ஆனால் குருட்டுக்குடல் வரை எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதில் சிக்கல் இருக்கிறது. ஆக, இரத்தம் கழியும் குஞ்சுக்கு மஞ்சள் என்ற வீட்டு நம்பிக்கை, மஞ்சள் மிகக் குறைவாக உதவும் இனத்தின் மீதுதான் வைக்கப்பட்டிருக்கிறது. இரத்தம் காட்டாமல் குஞ்சை மெலிய வைக்கும் மாக்சிமாவின் விஷயத்தில் அதற்கு ஆதாரம் உண்டு. அங்கே யாரும் அதைத் தேடுவதில்லை.

செலவையும் பார்க்க வேண்டும். ஒரு முட்டைக்கோழிக் குஞ்சு முதல் ஆறு வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் தீனி தின்னும். பத்துக் குஞ்சுக்கு 10, 12 கிலோ. அதில் 1 சதவீதம் என்றால் 100 முதல் 120 கிராம் மஞ்சள். சாதாரண நாட்களில் தாங்கக்கூடியதுதான். ஆனால் இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்திய 2020இல் கிலோ விலை சில ஆயிரம் ரூபாயைத் தொட்டது. இராமேசுவரம் பக்கமிருந்து படகில் கடத்தி வந்த மஞ்சள் மூட்டைகளைக் கடற்படை பிடித்த செய்தி வாராவாரம் வந்தது. சோற்றுக் கறிக்கே மஞ்சள் இல்லாத வீட்டில் கோழிக்கு 1 சதவீதம் என்று எழுதுவது யாருக்கும் உதவாது.

கறுவா இலங்கையின் சொந்தச் சரக்கு. அதன் எண்ணெயில் இருக்கும் சின்னமல்டிகைட்டைக் கிலோ தீனிக்கு 14.4 மில்லிகிராம் வீதம் கலந்து கொடுத்த சோதனையில் குஞ்சுகளின் எடை கூடியது, வெளியேறும் ஊசிஸ்ட் குறைந்தது, குடலில் எதிர்ப்புச் சமிக்ஞைகள் உயர்ந்தன. இது 2011இல் ஹியூன் லிலிஹோய் என்ற பெல்ட்ஸ்வில் அறிஞரின் குழு வெளியிட்டது. தாவரச் சத்துகளைக் கோழியின் எதிர்ப்பாற்றலோடு இணைத்து ஆராய்ந்தவர்களில் அவரே முன்னோடி. கறுவாப்பட்டையில் எண்ணெய் 1 சதவீதம் சொச்சம், அந்த எண்ணெயில் பாதிக்கு மேல் சின்னமல்டிகைட் என்று வைத்துக்கொண்டால், கிலோ தீனிக்கு இரண்டு, மூன்று கிராம் பட்டைத் தூள் ஏறத்தாழச் சமமாகும். இது என் கணக்கு மட்டுமே. அவர்கள் கொடுத்தது பட்டையல்ல, பிரித்தெடுத்த சத்து.

கிரேக்கத்தில் 2003இல் நடந்த ஓரிகானோ எண்ணெய்ச் சோதனை எனக்கு மிகப் பிடித்தது. காரணம், அது நேர்மையானது. கிலோ தீனிக்கு 300 மில்லிகிராம் எண்ணெய் ஒரு கூட்டத்துக்கு, லசலோசிட் மருந்து இன்னொரு கூட்டத்துக்கு, எதுவுமில்லாமல் மற்றொன்று, எல்லாவற்றுக்கும் டெனெல்லா. எண்ணெய் உதவியது. ஆனால் மருந்தைவிடக் குறைவாகவே உதவியது, அதை அவர்கள் அப்படியே எழுதினார்கள். மூலிகையை ஒன்றும் கொடுக்காத கூட்டத்தோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு வெற்றி என்று அறிவிக்கும் நூறு கட்டுரைகளைவிட இந்த ஒன்று பெறுமதியானது.

தோட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி தேயிலையைப் பற்றியது. அது உலக ஆய்வில் இல்லாமல் இல்லை. கொரிய ஆய்வாளர்கள் பெல்ட்ஸ்வில் குழுவோடு சேர்ந்து 2007இல் பச்சைத் தேயிலை கலந்த தீனியை மாக்சிமா தொற்றிய குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். எச்சத்தில் வந்த ஊசிஸ்ட் நன்றாகவே குறைந்தது. எடை இழப்பை அது தடுக்கவில்லை. பச்சைத் தேயிலைச் சாறு ஊசிஸ்ட் முதிர்வதையே தடுக்கிறது என்று மோலனும் உடன் ஆய்வாளரும் பின்னர் ஆய்வுகூடத்தில் காட்டினார்கள். தொற்றிய குஞ்சுக்கு ஆதாயம் சிறிது, அடுத்த குஞ்சுக்கு ஆதாயம் பெரிது.

ஆனால் கொத்மலைத் தொழிற்சாலைகளில் ஆவது கறுப்புத் தேயிலை. கொழுந்தை உருட்டி நொதிக்க விடும்போது அதிலுள்ள கட்டெச்சின் என்ற சத்துகளில் பெரும்பகுதி வேறு பொருள்களாக மாறிவிடுகின்றன. சோதனையில் வேலை செய்தது அந்தக் கட்டெச்சின்கள்தான் என்றால், தொழிற்சாலைக் கழிவுத் தூளிடம் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. கழிவுத் தேயிலையை வெளியே எடுத்துச் செல்வதற்குத் தேயிலைச் சபையின் கட்டுப்பாடும் உண்டு. கவ்வாத்து வெட்டிய மலையில் குவியும் முற்றிய இலையைப் பயன்படுத்தலாமே என்றால், அதில் தனின் இருக்கிறது. அளவு மீறினால் புரதமும் இரும்பும் உடலில் சேராமல் போகும். இரத்தம் இழக்கும் குஞ்சுக்கு இரும்பைத் தடுப்பது எவ்வளவு பெரிய கேடு. காஃபீன் வேறு. கடைசியாக எப்போது, என்ன மருந்து அடித்த மலை என்பதும் தெரிய வேண்டும். எனவே தேயிலையைத் தீனியில் சேர்க்கும்படி இப்போது யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். தீனிக்குப் பதில் தரையில், கூளத்தோடு கலந்து, ஊசிஸ்ட் முதிர்வதை அது தாமதப்படுத்துகிறதா என்று சோதிப்பதுதான் பொருத்தமான முதல் படி. 1925இல் தொடங்கி இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் பேராதனை மிருக வைத்திய பீடமும் ஒரே மலையின் இரு புறங்களில் இருக்கும்போது இந்தக் கேள்வி பதிலின்றிக் கிடக்க வேண்டியதில்லை.

இனி எதிர்ப்பாற்றல். விற்பனைச் சீட்டுகளில் எல்லா மூலிகையும் அதைக் கூட்டுகிறது. கோழியின் உடலில் நடப்பது இதைவிடக் கண்டிப்பான காரியம். ஐமேரியாவை அடக்குவதில் இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள்களுக்குச் சிறு பங்குதான். குடற்சுவரில் காவல் நிற்கும் டி கலங்களும் அவை சுரக்கும் இன்டர்ஃபெரோன் காமாவும் முக்கியப் பொறுப்பை ஏற்கின்றன. அந்தக் கலங்கள் எந்த இனத்தைச் சந்தித்தனவோ அதையே அடையாளம் காணும். அசெர்வுலினாவைக் கடந்து வந்த கோழி டெனெல்லாவுக்கு எதிராக வெறுங்கையோடு நிற்கும். ஆகவே இந்த நோய்க்கான எதிர்ப்பை எந்த இலையாலும் கொடுக்க முடியாது. அந்தந்த ஒட்டுண்ணியைச் சிறிதளவில் சந்தித்தே குஞ்சு அதைப் பெறுகிறது. தாவரம் செய்யக்கூடியது, அந்தச் சந்திப்பு உயிரைக் குடிக்காதபடி வீக்கத்தையும் புண்ணையும் தணிப்பது, கலங்கள் விரைவாகப் பெருக உதவுவது. வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் 2004, 2005 ஆண்டுகளில் காளான்களிலிருந்தும் அஸ்திரகலஸ் என்ற சீன மூலிகையிலிருந்தும் எடுத்த கூட்டுச்சர்க்கரைகளை (பொலிசக்கரைடு) சோதித்தபோது, உயிருள்ள தடுப்பூசியோடு சேர்த்துக் கொடுத்த குஞ்சுகள் நன்றாகத் தேறின. ஒட்டுண்ணியைச் சந்திக்கும் வாய்ப்பும் மூலிகையும் கைகோத்தபோதுதான் பலன் தெரிந்தது.

எதிர்ப்பைக் கூட்டிக்கொண்டே போவதும் நல்லதல்ல. வீக்கம் என்பதே குடலை எரிக்கும் செலவு. அதற்குப் போகும் சத்து வளர்ச்சிக்கு வராது.

இங்கிலாந்தில் ஜோய்னரும் நோர்ட்டனும் 1973லும் 1976லும் செய்த சோதனைகளை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். தினமும் ஒரு சில ஊசிஸ்ட் வீதம் விழுங்கிய குஞ்சுகள், நோய் என்று சொல்லும்படி எதுவும் காட்டாமலே வலுவான எதிர்ப்பைப் பெற்றன. அடைக்கோழியோடு முற்றத்தில் திரியும் நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு இது வெயில் காலத்தில் தானாகவே நடக்கிறது. தாயின் எச்சத்திலிருந்து கொஞ்சம், காய்ந்த மண்ணிலிருந்து கொஞ்சம். மழைக்காலத்தில் அதே குஞ்சை ஈரக்கூட்டில் பூட்டி வைக்கும்போது அந்தக் கொஞ்சம் கட்டுமீறிப் போகிறது. அரச திட்டங்களில் ஒரு மாதக் குஞ்சுகளைப் பகிர்ந்து கொடுக்கும்போது நேர்வது இன்னும் வருந்தத்தக்கது. வலுவான மருந்துத் தீனியில், சுத்தமான தரையில் வளர்ந்த அந்தக் குஞ்சுகள் ஐமேரியாவைச் சரியாகச் சந்திக்காமலே மலைக்கு வருகின்றன; வந்த முதல் மழையிலேயே எல்லாவற்றையும் ஒன்றாகச் சந்திக்கின்றன. 1952 முதல் உயிருள்ள தடுப்பூசிகள் உலகில் இருக்கின்றன என்றாலும் அவை ஆயிரம் குஞ்சுக் கணக்கில் அடைத்து, குளிரில் வைத்து வருபவை. பத்துக் குஞ்சுக்காரருக்கு எட்டாது.

தாவர வழியில் எதிர்ப்பாற்றலுக்குத் துணை என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது காரட்டை. உயிர்ச்சத்து ஏ குறைந்த புரொய்லர் குஞ்சுகளின் குடலில் டி கலங்கள் குறைந்து, அசெர்வுலினாவை எதிர்க்கும் வலு சரிவதை டல்லூலும் லிலிஹோயும் 2002இல் தெளிவாகக் காட்டினார்கள். இங்கே தோட்டத்து வீட்டுத் தீனியைப் பாருங்கள்: குறுணல், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, மிஞ்சிய சோறு. இவற்றில் கரோட்டீன் இல்லையென்றே சொல்லலாம். மஞ்சள் சோளம்தான் அந்தக் குறையை ஈடுகட்டி வந்தது. 2022இன் நெருக்கடியில் தீவனச் சோளம் நாடெங்கும் அருகியபோது அந்த வழியும் அடைபட்டது. அதே காலத்தில் நுவரெலியாப் பக்கத்தில் கழுவித் தரம் பிரிக்கும் இடங்களில் உடைந்த காரட்டும் பிளந்த காரட்டும் விலையின்றி ஒதுங்கிக் கிடந்தன, இன்றும் ஒதுங்குகின்றன. துருவிய காரட், பூசணி, நறுக்கிய பொன்னாங்காணி இவற்றை முதல் வாரத்திலிருந்தே கொடுத்து வந்தால் குஞ்சின் குடல் தன் காவலை உரிய காலத்தில் எழுப்பிக்கொள்ளும். இதை மூலிகை என்று யாரும் விற்பதில்லை, அதனால்தான் இதைப் பற்றிப் பேசுவோரும் குறைவு. கம்போரோ என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பு மருந்தையும் இதே வரிசையில் வைப்பேன். அந்த வைரஸ் குஞ்சின் எதிர்ப்புறுப்பையே சிதைக்கிறது. அதன்பின் வரும் இரத்தக் கழிச்சலுக்கு எந்தச் சாறும் ஈடுகொடுக்காது.

தமிழகத்திலிருந்து வரும் மருந்து முறைகளுக்கும் ஓர் இடம் உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் சார்பில் தஞ்சாவூரில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், கீழாநெல்லி போன்றவற்றைக் கொண்ட மரபு மருந்துகளை ஒழுங்குபடுத்தி, செலவு குறைந்த வழியாகப் பரப்பியவர். அந்தப் பணியை நான் மதிக்கிறேன். ஆனாலும் அவை வறண்ட சமவெளியின் முறைகள். நம் முன்னோர் திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து கொண்டுவந்த கைமருந்து அறிவும் வெயில் நிலத்துக்கானது. வேம்பு இலங்கையின் உலர் வலய மரம்; கொத்மலையின் மேட்டுத் தோட்டங்களில் அது தழைப்பதில்லை. பையில் வரும் வேப்பிலைத் தூள் எத்தனை மாதம் பழையது, எங்கே காய்ந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. சமவெளியில் வெயில் பாதி வைத்தியத்தைச் செய்துவிடுகிறது. அந்த வெயில் ஆடியில் இங்கே கிடையாது. பப்பாளி விதை, பாக்கு போன்ற புழு மருந்துகள் வேறு கதை. அவை நாக்குப்பூச்சி வகைகளுக்கானவை, ஐமேரியாவோடு சேர்த்துக் குழப்பக் கூடாது.

ஆய்வுகளின் பொதுக்குறையையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலானவை ஒரே இனத்தை, ஒரே நாளில், அளந்த எண்ணிக்கையில், கம்பிக்கூட்டில் வளர்ந்த புரொய்லர் குஞ்சின் வாயில் ஊற்றிச் செய்தவை. லயத்துக் கூட்டில் மூன்று, நான்கு இனங்கள் ஒன்றாக வரும், தினமும் வரும், தரையிலிருந்து வரும். ஒரே செடியின் சத்தும் மண்ணுக்கும் பருவத்துக்கும் தக்கபடி மாறும். எதை அளந்தார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. ஊசிஸ்ட் குறைந்தது என்பது ஒன்று, புண் ஆறியது என்பது வேறு, குஞ்சு பிழைத்தது என்பது இன்னொன்று. பச்சைத் தேயிலையில் பார்த்தோமே, முதலாவது நடந்தும் எடை திரும்பவில்லை.

கொத்மலைக்கு ஏற்ற சோதனை எளிமையானது. பேராதனையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 பாதை தவலந்தென்னை வழியாகத்தான் போகிறது. ஆய்வாளருக்கு இது தொலைவில்லை. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை லயத்து வீடுகளுக்குக் கொடுத்து, சில வீடுகளில் தரையை மட்டும் உயர்த்திக் காய்ந்த உமி அல்லது மரச்சீவல் போட வேண்டும். சில வீடுகளில் அதோடு காரட்டும், சிலவற்றில் அதற்கும் மேல் மஞ்சளோ கறுவாவோ சேர்க்க வேண்டும். வாரம் ஒருமுறை எடை, எச்சத்தில் ஊசிஸ்ட் எண்ணிக்கை, ஆறாம் வாரத்தில் உயிரோடிருப்பவை. மழைக்காலம் ஒன்று, வெயில் காலம் ஒன்று. காய்ந்த தரைக்கு மேல் மூலிகை எவ்வளவு கூட்டுகிறது என்பது இதில் தெரிந்துவிடும். அந்த அளவு சிறிதாக இருக்கும் என்றே நான் எதிர்பார்க்கிறேன். ஆனாலும் பத்துக் குஞ்சில் ஒன்று கூடுதலாகப் பிழைத்தால் அந்த வீட்டுக்கு அது சிறிதல்ல.

அதுவரைக்கும் செய்யக்கூடியது இதுதான். குஞ்சு பொரிப்பதை மழைக்கு முந்திய மாசி, பங்குனியில் முடித்துக்கொள்ளலாம். மழை இறங்கும்போது குஞ்சுகளுக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கும், எதிர்ப்பும் வந்திருக்கும். கூட்டுத் தரையை நிலத்திலிருந்து உயர்த்தி, தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனையும் கூளத்தை அன்றன்றே அள்ள வேண்டும். மஞ்சள், கறுவா, பூண்டு கொடுப்பதென்றால் நோய் வருமுன்னரே, முதல் வாரத்திலிருந்து சிறிய அளவில் கொடுத்து வர வேண்டும். எச்சத்தில் இரத்தம் கண்ட அன்றே அம்ப்ரோலியம் போன்ற மருந்துக்கு மிருக வைத்தியரிடம் போக வேண்டும். போகும்போது கூட்டின் பல இடங்களிலிருந்து எடுத்த புது எச்சத்தை மூடிய போத்தலில் கொண்டுபோனால் எந்த இனம் என்று பார்க்க உதவும். அம்ப்ரோலியம் ஒட்டுண்ணிக்கு பி1 உயிர்ச்சத்து கிடைக்காதபடி தடுத்தே வேலை செய்கிறது. ஆகவே மருந்து கொடுக்கும் நாட்களில் சத்துத்தூள் என்று பி1 கலந்த எதையும் தண்ணீரில் சேர்க்காமல், மருந்து முடிந்த பிறகு சேர்க்க வேண்டும்.